மின்னூட்டத்தை எண்ணியவர்கள்

செல்பேசி வாங்கும்போது பெட்டியின் பக்கவாட்டில் பார்த்தால் '5000 எம்ஏஎச்' என்று அச்சிட்டிருக்கும். ஒருமுறை நிரப்பிய பேட்டரி எவ்வளவு மின்னூட்டத்தைச் சுற்றுக்குள் ஓட்டிவிட முடியும் என்பதற்கான கணக்கு அது. இயற்பியல் அலகுக்கு மாற்றினால் 18,000 கூலூம். மேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சாதாரண மின்னல் ஒன்று கொண்டுவருவதோ ஏறத்தாழ 15 முதல் 20 கூலூம்தான். மின்னூட்டத்தை மட்டும் வைத்துப் பேசினால், சட்டைப்பையில் கிடக்கும் பேட்டரி ஏறக்குறைய ஆயிரம் மின்னலுக்குச் சமம்.

பிறகு ஏன் மின்னல் மரத்தைப் பிளக்கிறது, பேட்டரி சமர்த்தாகக் கிடக்கிறது? மின்னலுக்குப் பின்னால் பல கோடி வோல்ட் நிற்கிறது. பேட்டரிக்குப் பின்னால் ஏறத்தாழ நான்கு வோல்ட்தான். வேலை செய்வது மின்னூட்டமும் வோல்ட்டும் பெருகி வரும் ஆற்றல். மின்வாரிய ஊழியர் குறித்துக்கொண்டு போகும் யூனிட்டும் ஆற்றல்தான். மின்னூட்டத்துக்கு யாரும் பில் போடுவதில்லை, போடவும் முடியாது. ஒரு கம்பி வழியே வீட்டுக்குள் வந்தது இன்னொரு கம்பி வழியே சிந்தாமல் சிதறாமல் திரும்பிப் போய்விடுகிறது.

சரி, மின்னூட்டம் என்றால்தான் என்ன? இயற்பியல் புத்தகங்கள் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. மழுப்பல் என்று நினைக்க வேண்டாம், சொல்வதற்கு இருப்பது அவ்வளவுதான். எலக்ட்ரானைப் பிரித்து உள்ளே பார்த்து 'இதோ இதுதான் மின்னூட்டம்' என்று எடுத்துக்காட்ட எதுவும் இல்லை. அது செய்வதை வைத்துத்தான் அதை அறிகிறோம். ஒரே வகை இரண்டு இருந்தால் விலக்கும். எதிர் வகைகள் ஈர்க்கும். ஓடினால் காந்தப்புலம் பிறக்கும். மொத்தக் கணக்கு ஒருபோதும் கூடாது, குறையாது. ஆகவே மின்னூட்டத்தின் வரலாறு பெரும்பாலும் அதை எப்படி அளந்தார்கள் என்பதன் வரலாறு. இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்குள் அந்த வேலை விசையை அளப்பதில் தொடங்கி, துகள்களை எண்ணுவதில் வந்து நிற்கிறது.

முதலில் விசை. 1785இல் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சார்ல் அகுஸ்தென் தெ கூலூம் ஒரு முறுக்குத் தராசைச் செய்தார். மெல்லிய வெள்ளிக் கம்பியில் கிடைமட்டமாக ஒரு குச்சி, அதன் நுனியில் ஒரு சிறு நெட்டிப் பந்து, பக்கத்தில் அசையாத இன்னொரு பந்து. இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம் ஏற்றினால் தொங்கும் பந்து விலகும், கம்பி முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கோ அவ்வளவு விசை. முதல் அளவில் பந்துகள் 36 பாகை விலகி நின்றன. அந்த இடைவெளியை 18 பாகையாக்கக் கம்பியின் முறுக்கை 144 பாகைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. எட்டரைப் பாகையாக்க 575½. தொலைவு பாதியானால் விசை நான்கு மடங்கு. ஏறக்குறைய கால்வாசியானால் பதினாறு மடங்கு. அவர் அந்தக் கட்டுரையில் வெளியிட்டவை இந்த மூன்றே அளவுகள். இன்று ஒரு முனைவர் பட்ட மாணவர் மூன்று புள்ளிகளை வைத்துக்கொண்டு இயற்கை விதி என்று சொன்னால் நெறியாளர் அறையைவிட்டு அனுப்பிவிடுவார். ஆனால் விதி சரிதான். பின்னாளில் வந்த சோதனைகள் அதை மேலும் மேலும் துல்லியமாக உறுதிப்படுத்தியிருக்கின்றன.

அந்த விதிப்படி கணக்கிட்டால் ஓர் அதிர்ச்சி கிடைக்கும். ஒரு கூலூம் மின்னூட்டங்கள் இரண்டை ஒரு மீட்டர் தள்ளித் தள்ளி வைத்தால் அவற்றுக்கு இடையேயான விசை சுமார் 9 லட்சம் டன் எடைக்குச் சமம். ஒரு கிராம் செம்பில் மட்டும் எலக்ட்ரான்கள் சுமக்கும் மின்னூட்டம் ஏறக்குறைய 44,000 கூலூம். செம்புக் காசு வெடித்துச் சிதறாமல் இருப்பதற்குக் காரணம், அணுக்கருக்களில் உள்ள நேர் மின்னூட்டம் அதைக் கச்சிதமாக ஈடுகட்டுவதுதான். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பது இந்தச் சமநிலையில் ஏற்பட்ட மிக மிகச் சிறிய பிசகு.

கூலூமின் காலத்தில் மின்சாரம் என்பது ஒரு திரவம் மாதிரியான ஏதோ ஒன்று. அது தொடர்ச்சியானதா, மணிமணியானதா என்ற கேள்வியே எழவில்லை. கேள்வியை எழுப்பியது 1833, 34 ஆண்டுகளில் மைக்கேல் ஃபாரடே செய்த மின்னாற்பகுப்பு. வெள்ளி உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி வெள்ளியைப் படியவைத்தால், படியும் வெள்ளியின் எடை பாய்ந்த மின்னூட்டத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். இன்றைய கணக்கில், சுமார் 108 கிராம் வெள்ளி படிய 96,485 கூலூம் வேண்டும். வெள்ளி அணுக்களால் ஆனது என்றால், ஒவ்வோர் அணுவும் ஒரே அளவு மின்னூட்டத்தைச் சுமந்து வருகிறது என்றுதானே பொருள்? ஃபாரடே அணுக்கள்மீது அவ்வளவு நம்பிக்கை உள்ளவர் அல்லர். அந்த அடுத்த அடியை வைத்தவர் அயர்லாந்துக்காரர் ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி. மின்னூட்டத்தின் அடிப்படை அலகு ஒன்று இருக்க வேண்டும் என்று 1874இல் சொன்னார். அதன் மதிப்பையும் குத்துமதிப்பாகக் கணக்கிட்டார். அது உண்மையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் சிறியது. 1891இல் அந்த அலகுக்கு 'எலக்ட்ரான்' என்று பெயரும் வைத்தார். ஆக, துகளைக் கண்டுபிடிக்கும் முன்பே பெயர் தயார்.

1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை அளந்தார். விகிதம் மட்டும்தான், தனித்தனியாக இரண்டும் தெரியவில்லை. கேம்பிரிட்ஜில் நீராவி மேகத்தை உண்டாக்கி, அதன் மேல்விளிம்பு இறங்கும் வேகத்திலிருந்து மின்னூட்டத்தைக் கணிக்கப் பார்த்தார்கள். துளிகள் ஆவியாகிக்கொண்டே இருந்ததால் விடை நிலைகொள்ளவில்லை.

இங்கேதான் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மில்லிகன் வருகிறார். மேகத்தை மின்புலத்தால் அப்படியே நிறுத்திவைக்கலாம் என்று பெரிய மின்னழுத்தத்தைக் கொடுத்தபோது மேகம் கலைந்து போயிற்று. ஆனால் ஒருசில துளிகள் மட்டும் அந்தரத்தில் மிதந்தன. எடையும் மின்விசையும் சரிசமமாக அமைந்துவிட்ட துளிகள் அவை. மேகம் வேண்டாம், ஒற்றைத் துளி போதும் என்று புரிந்தது. தண்ணீரும் வேண்டாம், எளிதில் ஆவியாகாத எண்ணெய் போதும் என்பது அடுத்த படி. அதைச் செயலாக்கியவர் ஹார்வி ஃபிளெட்சர் என்ற ஆய்வு மாணவர். வாசனைத் திரவியம் அடிக்கும் தெளிப்பான் ஒன்றை வாங்கி வந்து, கருவியின் முதல் வடிவத்தைக் கட்டி, தொலைநோக்கி வழியே பார்த்தார். வெளிச்சத்தில் எண்ணெய்த் துளிகள் நட்சத்திரங்களாக மின்னின.

கருவி எளிமையானது. 22 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு பித்தளைத் தட்டுகள், இடையில் 16 மில்லிமீட்டர் இடைவெளி, மேல்தட்டின் நடுவே ஊசித்துளை. தெளித்த துளிகளில் ஏதாவது ஒன்று துளை வழியே உள்ளே இறங்கும். ஒரு மைக்ரான் அளவு ஆரமுள்ள துளி காற்றில் ஒரு சென்டிமீட்டர் இறங்க ஒன்றரை நிமிடம்போல ஆகும். துளி வெறும் ஒளிப்புள்ளியாகத்தான் தெரியும். அதன் அளவை நேரடியாகப் பார்த்துச் சொல்ல முடியாது. விழும் வேகமே அளவைச் சொல்லிவிடும், காற்று எவ்வளவு தடுக்கிறது என்று தெரிந்திருந்தால். பிறகு தட்டுகளுக்குச் சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால் துளி திரும்ப மேலே ஏறும். ஏறும் வேகம் அதன் மின்னூட்டத்தைச் சொல்லும். மின்புலத்தை நிறுத்தினால் மறுபடி விழும். ஒரே துளியை இப்படி மணிக்கணக்கில் ஏற்றி இறக்கலாம்.

ரேடியத்தையோ எக்ஸ் கதிரையோ அருகில் கொண்டுவந்தால் காற்றில் அயனிகள் உண்டாகும். துளி அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அதன் வேகம் சட்டென்று மாறும். அந்த மாற்றம் எப்போதும் ஒரு குறிப்பிட்ட அளவு, அல்லது அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. நடுவில் எதுவும் இல்லை. இந்தச் சோதனையின் அழகு இறுதியில் கிடைத்த எண்ணில் இல்லை, இந்தத் தாவலில் இருக்கிறது என்பேன். மின்னூட்டம் மணிமணியானது என்பதை ஓர் ஆள் உட்கார்ந்து கண்ணால் பார்க்க முடிந்தது.

பாடநூல்கள் கதையை இதோடு முடித்துவிடும். 1923இல் மில்லிகனுக்கு நோபல் பரிசு, அவ்வளவுதான். விட்டுப்போனது இரண்டு விஷயம்.

ஒன்று, ஃபிளெட்சர். வேறு யாரும் சேராமல் தன் பெயரில் மட்டும் வெளியான கட்டுரையைத்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடாக வைக்கலாம் என்பது அங்கே விதி. மில்லிகன் அவரிடம் வந்து ஒரு பங்கீட்டைச் சொன்னார்: துகள்களின் பிரௌனியன் இயக்கம் பற்றிய கட்டுரை ஃபிளெட்சருக்கு, மின்னூட்டம் பற்றிய முதல் கட்டுரை மில்லிகனுக்கு. மாணவர் ஒப்புக்கொண்டார். பின்னாளில் பெல் ஆய்வகத்தில் செவிப்புலன் ஆராய்ச்சியில் பெரும்பெயர் எடுத்த ஃபிளெட்சர், இதை எழுதிவைத்துவிட்டு, தான் இறந்த பிறகே வெளியிடச் சொன்னார். 1981இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு அது அச்சில் வந்தது. அதில் மில்லிகன்மீது கசப்பு இல்லை.

இன்னொன்று, குறிப்பேடுகள். அப்போது வியன்னாவில் ஃபெலிக்ஸ் ஏரன்ஹாஃப்ட் என்பவர், எலக்ட்ரானைவிடச் சிறிய மின்னூட்டங்களைக் கண்டதாக அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மில்லிகனுக்கு அது வாழ்வா சாவா போட்டி. 1913ஆம் ஆண்டுக் கட்டுரையில் 58 துளிகளின் அளவுகளைக் கொடுத்துவிட்டு, இவை பொறுக்கி எடுத்தவை அல்ல, அறுபது நாள் சோதனையில் பார்த்த எல்லாத் துளிகளும் இவையே என்று எழுதினார். 1978இல் அறிவியல் வரலாற்றாளர் ஜெரால்டு ஹோல்டன் அவருடைய குறிப்பேடுகளைப் புரட்டியபோது அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட துளிகள் இருந்தன. சில பக்கங்களில் 'அழகு, வெளியிடு' என்ற தொனியில் குறிப்புகள். சில பக்கங்களில் ஏதோ கோளாறு என்ற முணுமுணுப்பு.

அவரைக் காப்பாற்ற முன்வந்தவர்கள் உண்டு. மிகச் சிறிய துளி காற்று மூலக்கூறுகள் மோதி அலைபாயும், பெரியது மிக வேகமாக விழும், மின்கலம் தடுமாறும். இவற்றை ஒதுக்குவது அனுபவமுள்ள சோதனையாளரின் உரிமை. ஒதுக்கிய துளிகளையும் சேர்த்து ஆலன் ஃபிராங்க்ளின் மறுகணக்குப் போட்டபோது விடை பெரிதாக மாறவும் இல்லை. எல்லாம் சரி. ஆனால் ஒதுக்குவது வேறு, ஒதுக்கவே இல்லை என்று எழுதுவது வேறு. அந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்குத் தெரிந்து நியாயம் எதுவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய எண்ணைக் கெடுத்தது இந்தத் தேர்வு அல்ல. 1913இல் அவர் பெற்ற மதிப்பை இன்றைய அலகில் சொன்னால் 1.592 × 10⁻¹⁹ கூலூம். உண்மை மதிப்பைவிட 0.6 சதவீதம் குறைவு. அவர் தனக்கு அனுமதித்துக்கொண்ட பிழையைப்போல மூன்று மடங்கு. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்பு அரை சதவீதத்துக்கும் சற்றே குறைவான அளவில் தவறியிருந்தது. கணக்கில் அது ஒன்றரை மடங்காகப் பெருகி மின்னூட்டத்தில் வந்து விழுந்தது. எக்ஸ் கதிர்களால் படிகங்களை அளந்து, வேறு வழியில் அதே மின்னூட்டத்தைக் கணித்தவர்களின் விடை பொருந்தாமல் போன பிறகே, 1930களில், இந்த ஓட்டை தெரிந்தது.

எலக்ட்ரானைவிடச் சிறிய மின்னூட்டம் உண்டா என்றால், இப்போது 'உண்டு, ஆனால் தனியாகக் கிடைக்காது' என்பது பதில். புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளுக்கு எலக்ட்ரானின் மூன்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் மின்னூட்டம். ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் ஃபேர்பேங்க் நயோபியம் குண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைக் கண்டதாக 1977இல் அறிவித்தார். அளப்பவருக்கே விடை தெரியாதபடி தரவில் ஒரு மறைவு எண்ணைச் சேர்த்துப் பாருங்கள் என்று லூயிஸ் அல்வாரெஸ் யோசனை சொன்னார். ஃபேர்பேங்கின் முடிவு பிறகு யாராலும் உறுதிசெய்யப்படவில்லை. மில்லிகனின் காலத்தில் இப்படியொரு யோசனை யாருக்கும் தோன்றவில்லை என்பது வருத்தம்தான். கடும் குளிரிலும் வலுவான காந்தப்புலத்திலும் ஒரு தளத்துக்குள் நெருக்கப்பட்ட எலக்ட்ரான்கள் கூட்டாக நடந்துகொள்ளும்போது மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் வெளிப்படும் என்பதை 1997இல் இஸ்ரேலிலும் பிரான்சிலும் இரண்டு குழுக்கள் மின்னோட்டத்தின் இரைச்சலை அளந்து காட்டின. அங்கேயும் எலக்ட்ரான் உடையவில்லை. கூட்டம்தான் அப்படி நடந்துகொள்கிறது.

2019 மே 20 முதல் நிலைமை தலைகீழ். அதுவரை ஆம்பியர் என்பது இணையான இரண்டு கம்பிகளுக்கு இடையேயான விசையால் வரையறுக்கப்பட்டது. எலக்ட்ரானின் மின்னூட்டம் சோதனையில் அளக்க வேண்டிய எண். இப்போது அந்த மின்னூட்டம் 1.602176634 × 10⁻¹⁹ கூலூம் என்று சட்டம்போலப் பொருத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பிழை எல்லை கிடையாது. ஒரு கூலூம் என்பது சுமார் 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள், அவ்வளவுதான். இனி யாராவது மில்லிகன் சோதனையைச் செய்து வேறு எண்ணைப் பெற்றால், தவறு எலக்ட்ரானுடையது அல்ல. அவருடைய கருவியைத்தான் திருத்த வேண்டும். நுண்ணிய குறைக்கடத்திக் கருவிகள் நொடிக்கு நூறு கோடி எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக எண்ணித் தள்ளுகின்றன, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையோடு. அத்தனையும் சேர்ந்து கிடைக்கும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் அறுநூறு கோடியில் ஒரு பங்கு.

எண்ணை நிறுத்திவிட்டோம், காரணத்தை இன்னும் பிடிக்கவில்லை. எலக்ட்ரானும் புரோட்டானும் வேறு வேறு குடும்பம்; நிறையில் 1,836 மடங்கு வித்தியாசம். ஆனால் மின்னூட்டத்தின் அளவில் இரண்டும் ஒன்று, 10²¹இல் ஒரு பங்குகூட வேறுபாடு தென்படவில்லை. ஏன்? 1931இல் பால் டிராக் ஒரு வழி சொன்னார்: பிரபஞ்சத்தில் எங்காவது ஒரே ஒரு தனிக் காந்தமுனை இருந்துவிட்டால் போதும், மின்னூட்டம் மணிமணியாகத்தான் இருந்தாக வேண்டும். 1982 பிப்ரவரி 14 அன்று ஸ்டான்ஃபோர்டில் பிளாஸ் கப்ரேரா வைத்திருந்த மீக்கடத்திச் சுருளில், டிராக் கணித்த அளவிலேயே ஒரு தாவல் பதிவானது. இன்னும் பெரிய சுருள்களோடு அவரும் மற்றவர்களும் காத்திருந்தார்கள். இரண்டாவது தாவல் வரவில்லை. ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில் மோடல் என்ற கருவி தனிக் காந்தமுனையைத் தேடிக்கொண்டிருக்கிறது.