கையடக்கப் புவியிடங்காட்டி

கையடக்கப் புவியிடங்காட்டி என்பது செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளைப் பெற்று, தான் இருக்கும் இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் ஆகியவற்றைக் கணித்துக் காட்டும் சிறு கருவியாகும். பேச்சு வழக்கில் இது ஜி.பி.எஸ். கருவி எனப்படுகிறது. விற்பனைக்கு வந்த முதல் கையடக்கக் கருவி 1989-ல் மெகல்லன் நிறுவனம் வெளியிட்ட நாவ் 1000 ஆகும். இன்று திறன்பேசிகளிலும் இவ்வசதி உண்டு. எனினும் பல நாள் மலையேற்றத்திற்கு, கடையில் கிடைக்கும் ஏஏ மின்கலங்களில் இயங்குவதும் மழை தாங்குவதுமான தனிக் கருவியே ஏற்றது.

துல்லியம்

இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. கருவி அலைகளைப் பெறுகிறதே தவிர அனுப்புவதில்லை; ஆகவே கைபேசிக் கோபுரம் இல்லாத காட்டிலும் இயங்கும். பொதுமக்களுக்கான அலைகளில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கியது. அதன்பின் திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் கிடைக்கிறது. அடுக்குமாடிகளுக்கு நடுவில் அலைகள் சுவர்களில் பட்டுத் திரும்புவதால் பிழை கூடும்.

அளவை அடிப்படை

வாங்குவோர் பெரும்பாலும் கவனியாது விடுவது இதுவே. ஓர் ஆயத்தொலை, எந்தப் புவி உருவத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதைப் பொறுத்தே பொருள்படும். 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து தெற்கு நோக்கி, இன்றைய தென்சென்னைப் புறநகர் வழியே, சுமார் 12 கி.மீ. அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அதிலிருந்து வளர்ந்த முக்கோணவியல் அளவையைத் தொடர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட், 1830-ல் கணித்த புவி உருவமே இந்தியாவின் பழைய நிலப்படங்களுக்கு அடிப்படை. ஜி.பி.எஸ். கருவியோ டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையைப் பயன்படுத்துகிறது. பழைய படத்தில் படித்த எண்களைக் கருவியில் அப்படியே இட்டால், சென்னைப் பகுதியில் இடம் இருநூறு மீட்டர் அளவுக்கு விலகும். ஆகவே இந்திய அளவை அடிப்படைக்கு மாற்றும் வசதியுள்ள கருவியே பழைய படங்களுக்கு உகந்தது. 2005-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி வெளியிடப்பட்ட பொதுப் படங்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84-ஐப் பின்பற்றுவதால் அவற்றில் இச்சிக்கல் இல்லை.

எண்களை எழுதும் முறையும் இதைவிடப் பெரிய பிழைக்கு வழி செய்யும். தாம்பரம் தொடருந்து நிலையத்தின் அகலாங்கு ஏறத்தாழ 12.925 பாகை, பாகை, கலையில் அது 12° 55.5′. உதவி கேட்டு இதைத் தொலைபேசியில் சொல்ல, கேட்பவர் 12.555 பாகை எனக் குறித்துக்கொண்டால், தேடுவோர் 40 கி.மீ. தெற்கே, மதுராந்தகத்தை அண்டிய அகலாங்கிற்குச் செல்வர். அலகைச் சேர்த்துச் சொல்வது அவசியம்.

இந்திய அமைப்புகள்

ககன் அமைப்பின் திருத்த அலைகளை ஏற்கும் கருவி இந்தியாவில் கூடுதல் பயன் தரும். நாவிக் செயற்கைக்கோள்கள் தொடக்கத்தில் எல்5, எஸ் அலைவரிசைகளையே பயன்படுத்தியதால் சாதாரணக் கருவிகளுக்கு எட்டவில்லை. 2023 மே மாதம் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 முதன்முறையாக எல்1 அலையையும் கொண்டிருந்தது.

சட்டம்

இடம் மட்டும் காட்டும் கருவிக்குத் தடையில்லை. ஆனால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வசதி சேர்ந்த மாதிரிகளைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றமாகும். வெளிநாட்டில் வாங்கிய கருவியுடன் மீனம்பாக்கத்தில் இறங்கும் பயணிக்கும் இது பொருந்தும்.