அதிர்ச்சி அலையில் வெடிபொருளின் வெப்பநிலை: அளவீடும் சொல்லாட்சியும்

முன்னுரை

வெப்பம் என்பது ஆற்றலின் ஒரு வடிவம். வெப்பநிலை என்பது பொருள் எய்தியுள்ள சூட்டின் அளவு. பொதுவழக்கில் ஒன்றாகவே வழங்கும் இவ்விரு சொற்களையும் வேறுபடுத்தாமல் வெடிபொருள் ஆய்வை விளங்கிக்கொள்ள இயலாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அளவீட்டுச் சிக்கல்

அதிர்ச்சி அலை கடக்கும்போது பொருளின் அழுத்தம், அடர்த்தி, ஆற்றல் ஆகியவை அடையும் மாற்றத்தை இராங்கைன்–ஹியூகோனியோ சமன்பாடுகள் தருகின்றன. வெப்பநிலையை அவை தருவதில்லை. அதனைக் கணிக்க வெப்ப ஏற்புத்திறன் முதலிய பண்புகளும் தெரிந்திருத்தல் வேண்டும். நேரே அளப்பதும் எளிதன்று. நானோ நொடிகளில் நிகழும் மாற்றத்திற்கு ஈடாகச் சாதாரண வெப்ப இரட்டை சூடேறுவதில்லை.

சூட்டுப்புள்ளிகள்

சிறு மோதலில் பிறக்கும் வெப்பம் பொருள் முழுதும் பரவினால் வெப்பநிலை சிறிதே உயரும். எனினும் வெடிப்பு நிகழ்வதுண்டு. பவுடன், யோஃபி ஆகியோர் 1952இல் வெளியிட்ட நூல் இம்முரணை விளக்கியது. அழுத்தப்படும் நுண்குமிழிகளிலும் உராயும் பரப்புகளிலும் ஆற்றல் குவிந்து, 0.1 முதல் 10 மைக்ரான் வரையிலான சூட்டுப்புள்ளிகள் தோன்றுகின்றன. வெடிப்பு அங்கிருந்தே தொடங்குகிறது.

அளக்கும் வழிகள்

பொருள் உமிழும் ஒளியை ஒளிவெப்பமானி பல அலைநீளங்களில் அளக்கிறது. சூடு மிக்க இடமே மிகுதியாக ஒளிர்வதால், அக்கணிப்பு சூட்டுப்புள்ளிகளின் பக்கமே சாயும். 1928இல் சி. வி. இராமன் கண்டறிந்த ஒளிச்சிதறலில், எதிர் ஸ்டோக்ஸ், ஸ்டோக்ஸ் வரிகளின் செறிவு விகிதமோ ஒளிபட்ட பகுதியின் சராசரியையே பெரிதும் காட்டும். எனவே, இரு கருவிகள் இரு விடைகள் தருவதனாலேயே அவற்றுள் ஒன்று பிழை என்றாகாது.

முடிவுரை

சராசரி வெப்பநிலை குறைவு என்பதனால் வெடிபொருள் பாதுகாப்பானது எனத் துணிதல் இடர் தரும். ஆகவே, இத்துறையைத் தமிழில் எழுதுவோர் ‘வெப்பநிலை’ என்று மட்டும் கூறாது, எவ்விடத்து, எக்கணத்து வெப்பநிலை என்பதையும் சேர்த்துரைத்தல் வேண்டும்.