மார்பில் கட்டி: முடிவு தெரியும்வரை

மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம்பெண்களுக்கு அதிகம் வருவது, தொட்டால் விரலுக்கடியில் நழுவி ஓடும் ஃபைப்ரோ அடினோமா. 35 வயதுக்கு மேல், மாதவிடாய் நிற்கும்வரை, நீர்க்கட்டிகள் சகஜம். ஆனால் தொட்டுப் பார்த்து மட்டும் யாரும் முடிவு சொல்லிவிட முடியாது. வலி இல்லையே என்று விட்டுவிடுவதும் ஆபத்து. புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

ஆகவே கட்டி தட்டுப்பட்ட நாளுக்கும் ரிப்போர்ட் கைக்கு வரும் நாளுக்கும் நடுவே ஒன்றும் புரியாத சில நாட்கள் இருந்தே தீரும். அந்நாட்களின் அவதி வெறும் கற்பனை அல்ல. ஊசி மூலம் மார்புத் திசு எடுக்கப்பட்ட 126 பெண்களின் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலின் அளவைப் பார்த்த ஆய்வு ஒன்று 2009இல் 'ரேடியாலஜி' இதழில் வந்தது. 5 நாட்கள் கழிந்தும் உறுதியான முடிவு தெரியாதிருந்தவர்களின் கார்டிசால் போக்கு, புற்றுநோய் என்று தெரிந்துகொண்டவர்களுடையதைப் போலவே இருந்தது. "பயப்படாதே" என்ற வார்த்தை இங்கே உதவாது. அடுத்து என்ன நடக்கும், எப்போது நடக்கும் என்ற விவரம் உதவும்.

பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, பாலக்காட்டுப் பக்கத்துப் பஸ்கள் வந்து நிற்பது கோவை உக்கடத்தில். அங்கே இறங்கித் திருச்சி சாலை ஜி.ஹெச்.சுக்குப் போகும் பெண்ணுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. ரிப்போர்ட் எந்தக் கிழமை வரும், எந்த அறையில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதை ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டால் அலைச்சலும் குறையும், கவலையும் குறையும். கேட்காமலே இதை எழுதித் தருவது மருத்துவமனைகளின் கடமை.

பரிசோதனை மூன்று படி. முதலில் மருத்துவர் கையால் பார்ப்பார். அடுத்தது படம்: இளவயதில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், 40ஐ நெருங்கியவர்களுக்கும் கடந்தவர்களுக்கும் மேமோகிராமும் சேர்ந்து. சந்தேகம் இருந்தால் மூன்றாவதாக ஊசிப் பரிசோதனை. மரத்துப்போக மருந்து போட்டபின் ஊசி 'டக்' என்று ஒரு சத்தத்தோடு பாயும். நூல்போல் வெள்ளைத் திசு ஒன்று ஃபார்மலின் குப்பிக்குள் விழும். சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும். ஊசி பட்டால் நோய் பரவும் என்ற பேச்சை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான கேடு.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் பைரேட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 0 என்றால் இன்னும் படம் தேவை, அவ்வளவே. 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை; வழக்கமாக 6 மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். 4, 5க்கு ஊசிப் பரிசோதனை அவசியம். திசு முடிவு வரச் சில நாட்கள் ஆகும். புற்றுநோய் என்று தெரிந்தால் ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 சோதனைகளுக்கு மேலும் சில நாட்கள் பிடிக்கும். அந்தத் தாமதம் நோய் முற்றியதற்கு அடையாளம் அல்ல.

ஓரிரு வாரக் காத்திருப்பு நோயின் போக்கைப் பொதுவாக மாற்றுவதில்லை. மாதக்கணக்கில் மறைத்து வைப்பது மாற்றும்: 1999இல் 'லான்செட்' வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, 3 மாதமோ அதற்கு மேலோ தாமதித்தவர்களில் 5 ஆண்டு உயிர்வாழ்ந்தோர் குறைவு.

வீட்டில் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. கூட வரவும் மருத்துவர் சொல்வதைக் கேட்டு நினைவில் வைக்கவும் அக்காவோ மகளோ ஒருவர் போதும். அன்றாட வேலையை விடாதிருப்பது நல்லது. கட்டியைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பதால் பயன் இல்லை, வலிதான் மிஞ்சும். தூக்கமும் சாப்பாடும் அடியோடு கெட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

முடிவு 'புற்றுநோய் இல்லை' என்று வந்தபின்னும் ஒரு கேள்வி பாக்கி: கைப் பரிசோதனை, படம், திசு மூன்றும் ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போகாவிட்டால் மறுபடி திசு எடுக்க வேண்டும். ஒத்துப்போனாலும், கட்டி பெரிதானாலோ, தோல் சுருங்கினாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, குறித்த தேதிக்குக் காத்திராமல் உடனே போய்க் காட்ட வேண்டும்.