காருடன் வந்த ரேடியோவைக் கழற்றும் முன்...

பத்து காவான் சாவடியைக் கடந்து, இரண்டாவது பினாங்குப் பாலத்தில் கார் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியில் வாங்கிப் பொருத்திய வழிகாட்டிக் கருவியின் திரையைப் பார்க்கிறீர்கள். அம்புக்குறி கடலுக்குள் நிற்கிறது. சுற்றிலும் நீல நிறம், சாலையே இல்லை. "திரும்பிச் செல்லுங்கள்" என்கிறது கருவி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சுமார் 13 நிமிடங்களுக்கு இந்தக் கடல் பயணம் நீடிக்கும்.

கருவி பழுதாகிவிட்டதா? இல்லை. நீங்கள் இருக்கும் இடத்தை அது சரியாகவே சொல்கிறது. பாலம்தான் அதன் வரைபடத்தில் இல்லை. சுல்தான் அப்துல் ஹாலிம் முவாட்சாம் ஷா பாலம் 2014 மார்ச் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. மொத்த நீளம் 24 கிலோமீட்டர், அதில் 16.9 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. அதற்கு முன் தயாரான வரைபடத்தைக் கொண்ட எந்தக் கருவிக்கும் அந்த இடம் வெறும் கடல்தான்.

வழிகாட்டிக் கருவி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் மூன்று பேரின் கூட்டு வேலை. இடத்தைச் சொல்வது வானத்தில் உள்ள செயற்கைக்கோள். சாலையைச் சொல்வது யாரோ வரைந்து வைத்த வரைபடம். கார் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்வது காரின் சொந்த வயர்கள். கடையில் புதிய திரையை வாங்கும்போது முதல் இரண்டையும்தான் நாம் விசாரிக்கிறோம். சிக்கலும் ஆபத்தும் பெரும்பாலும் மூன்றாவதில் இருக்கின்றன.

பினாங்குக்கும் கார் ரேடியோவுக்கும்

இந்தக் கருவியின் கதையில் பினாங்குக்குப் பங்கு உண்டு. 1970களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வலயத்துக்கு முதலில் வந்த எட்டு வெளிநாட்டு நிறுவனங்களை "எட்டு சாமுராய்கள்" என்று இன்றும் குறிப்பிடுகிறார்கள். இன்டெல், ஏஎம்டி போன்ற சிப் நிறுவனங்களோடு அந்தப் பட்டியலில் கார் ஒலிக்கருவிக்குப் பெயர்போன இரண்டு நிறுவனங்களும் இருந்தன: ஜப்பானின் கிளேரியன், ஜெர்மனியின் போஷ்.

ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோ 1932இல் பிளாபுங்க்ட் என்ற பெயரில் வந்தது. எடை சுமார் 15 கிலோ. விலையோ அன்றைய காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அதைத் தயாரித்த நிறுவனத்தை மறு ஆண்டே போஷ் வாங்கிக்கொண்டது. அதே போஷ் 2023இல் பத்து காவானில் சிப்புகளைச் சோதிக்கும் நிலையத்தைத் திறந்திருக்கிறது. ஒரு காலத்தில் கரும்பும், பிறகு ரப்பரும் செம்பனையும் விளைந்த தோட்ட மண்ணில் இன்று காரின் மூளைக்கான சிப்புகள் சோதிக்கப்படுகின்றன.

பழைய ரேடியோவை எடுத்துவிட்டு இன்னொரு நிறுவனத்தின் கருவியை அதே இடத்தில் வைக்க முடிவதற்கும் ஜெர்மனியே காரணம். டேஷ்போர்டில் ரேடியோவுக்கு விடும் துளையின் அளவை அந்நாட்டின் தர நிர்ணய அமைப்பான 'டின்' வரையறுத்தது. அகலம் ஏறக்குறைய 180 மில்லிமீட்டர். உயரம் 50 மில்லிமீட்டர். இரட்டை உயரம் கொண்டதைத்தான் கடைக்காரர் "டபுள் டின்" என்கிறார். துளை பொருந்தினால் கருவி உள்ளே போய்விடும். ஆனால் உள்ளே போவது வேறு, காரோடு சேர்ந்து வேலை செய்வது வேறு.

செயற்கைக்கோள் இல்லாத வழிகாட்டி

கார்களில் வந்த முதல் வழிகாட்டிக் கருவிகளுக்குச் செயற்கைக்கோள் துணையே இல்லை. 1981இல் ஹோண்டா ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைச் சுழற்சி உணரி ஒன்று கணித்தது. ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்ட வரைபடத்தின் மீது ஒரு புள்ளி நகர்ந்தது. 1989இல் பிளாபுங்க்ட் விற்ற 'டிராவல்பைலட்' சக்கரங்களின் சுழற்சியை எண்ணியது; திசைகாட்டியைக் கலந்துகொண்டது; சிடி தட்டில் இருந்த வரைபடத்தோடு ஒப்பிட்டு இடத்தைச் சொன்னது.

கண்ணைக் கட்டிக்கொண்டு சொந்த வீட்டில் நடப்பதைப் போன்றது இது. வாசலிலிருந்து எத்தனை அடி, எந்தப் பக்கம் திரும்பினோம் என்ற கணக்கே வழியைச் சொல்லிவிடும். ஆனால் ஒவ்வோர் அடியிலும் சிறு பிழை சேரும். நீண்ட தூரம் போனால் அது பெரிதாகிவிடும்.

செயற்கைக்கோள் முறையின் பிழை அப்படிச் சேர்ந்துகொண்டே போவதில்லை. ஜிபிஎஸ் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தை அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி நம்மை வந்தடைய ஒரு நொடியில் ஏறத்தாழ 15இல் ஒரு பங்கு நேரம் ஆகும். நான்கு கோள்களின் செய்திகள் எவ்வளவு தாமதமாக வந்தன என்று கணக்கிட்டால் நாம் இருக்கும் இடம் தெரிந்துவிடும். நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரத்தில் 300 மீட்டர் தவறிவிடும். அதனால்தான் அந்தக் கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன.

ஆனால் அந்தச் செய்தி மிகவும் மெல்லியது. தரைக்கு வந்து சேரும்போது அதன் சக்தி, ஒரு வாட்டை நூறு கோடிக் கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு அளவுதான். உலோகத் தகடு அதை மறைத்துவிடும். வெயிலுக்குப் பயந்து கண்ணாடியில் ஒட்டும் கறுப்புப் படலத்தில் உலோகப் பூச்சு இருந்தால் அதுவும் மட்டுப்படுத்தும். ஆகவே ஜிபிஎஸ் ஆண்டெனாவை டேஷ்போர்டுக்குள் உலோகச் சட்டத்தின் கீழே ஒளித்து வைக்கச் சொல்லாதீர்கள். அழகு கொஞ்சம் குறைந்தாலும் அது வானத்தைப் பார்த்தபடி இருப்பதே நல்லது.

அந்த ஒரு வயர் எதற்கு?

பத்து காவானிலிருந்து தெற்கே வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போனால், கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் இடையே மெனோரா சுரங்கம் வரும். நீளம் சுமார் 800 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டரில் போனால் அரை நிமிடத்துக்குமேல் வானம் தெரியாது. ஜார்ஜ்டவுனில் பல மாடி வாகன நிறுத்துமிடங்களிலும் இதே நிலைதான். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலோ செய்தி சுவரில் பட்டுத் தெறித்து வருகிறது. அம்புக்குறி பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடுகிறது.

இப்படிப்பட்ட இடங்களில்தான் 1989ஆம் ஆண்டின் பழைய உத்தி கைகொடுக்கிறது. நல்ல கருவிகள் பலவற்றின் பின்னால் வேக வயர் என்று ஒன்று இருக்கும். காரின் வேக உணரி அனுப்பும் துடிப்புகளை அது கருவிக்குக் கொண்டுவரும். கருவிக்குள் இருக்கும் சுழற்சி உணரியோடு இது சேர்ந்தால், செயற்கைக்கோள் மறைந்தாலும் கணக்கு தொடரும். ரிவர்ஸ் கியர் வயரும் இதே வேலையில் பங்கு கொள்கிறது. துடிப்பு வருவதை மட்டும் வைத்து, கார் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று கருவிக்குத் தெரியாது.

காருடன் வந்த கருவிக்கு இந்த இணைப்புகள் தொழிற்சாலையிலேயே கிடைத்துவிடுகின்றன. வெளியில் வாங்கியதற்கு யாராவது கொடுக்க வேண்டும். அவசரத்தில் பொருத்துபவர், "இது இல்லாவிட்டாலும் வேலை செய்யும்" என்று சொல்லி அந்த வயரைச் சுருட்டி டேப் ஒட்டிவிடலாம். வேலை செய்வதும் உண்மைதான், சுரங்கம் வரும் வரை.

ரேடியோ பேசும் மொழி

பழைய கார்களில் ரேடியோ தனித் தீவு. மின்சாரம், ஆண்டெனா, ஸ்பீக்கர்கள், அவ்வளவுதான். இன்றைய கார்களில் நிலைமை அப்படி இல்லை. என்ஜின், பிரேக், கதவு, விளக்கு என ஒவ்வொன்றின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் முறுக்கிய இரண்டு வயர்களின் வழியாக ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. 'கேன் பஸ்' எனப்படும் இந்த முறையை 1986இல் உலகுக்கு அறிவித்ததும் போஷ்தான்.

ரேடியோவும் இந்த உரையாடலில் ஓர் உறுப்பினர். ஸ்டீரிங்கில் உள்ள ஒலிப் பொத்தான், பின்புறக் கேமரா, குளிரூட்டியின் அளவு ஆகியவை அதன் வழியாக வரலாம். சில கார்களில் சீட் பெல்ட் எச்சரிக்கை மணியே ரேடியோ வழியாகத்தான் ஒலிக்கிறது. அதைக் கழற்றினால் எச்சரிக்கையும் போய்விடும். இதற்கு மொழிபெயர்ப்பாளர் போல ஓர் இடைப்பெட்டி விற்கிறார்கள். உங்கள் காரின் வகைக்கும் ஆண்டுக்கும் ஏற்ற பெட்டி இருக்கிறதா என்று கேட்காமல் பழைய ரேடியோவைக் கழற்றக் கூடாது.

மூன்று இடங்களில் கவனம்

முதலாவது, மின்சாரம். கருவிக்கு இரண்டு மின் இணைப்புகள் தேவை. ஒன்று எப்போதும் இருக்கும், நினைவைக் காக்கும். மற்றொன்று சாவியைத் திருப்பினால் மட்டும் வரும். பல கருவிகளில் முன்னது மஞ்சள், பின்னது சிவப்பு. இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் கார் நின்ற பிறகும் கருவி உறங்காது. கணக்குப் பாருங்கள்: நிறுத்திய காரில் ஒரு கருவி 200 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர் மணி. 40 ஆம்பியர் மணி பேட்டரி எட்டே நாளில் காலி. ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்புகிறவர், கார் கிளம்பாமல் நிற்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது, இணைப்பு. வயரின் தோலை உரித்து, விரலால் முறுக்கி, டேப் சுற்றுவது நம் ஊர் வெயிலில் நிலைக்காது. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடும். பசை இளகும், டேப் கழன்றுவிடும், வெறும் செம்பு உலோகத்தில் உரசும். சரியான அளவு ஃபியூஸ் இல்லாவிட்டால் அங்கே தீ பிறக்கும். காரின் சாக்கெட்டுக்குப் பொருந்தும் தயார் வயர்த்தொகுப்பைக் கேட்டு வாங்குங்கள். அப்போது எந்த வயரையும் வெட்ட வேண்டியதில்லை. காரை விற்கும்போது பழைய ரேடியோவைத் திரும்ப மாட்டவும் முடியும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மஞ்சள் உறைக்குள் போகும் வயர்களும் மஞ்சள் சாக்கெட்டுகளும் பல கார்களில் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் கை வைக்கக் கூடாது. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, சில நிமிடங்கள் பொறுத்திருந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, ஹேண்ட் பிரேக் வயர். கார் நின்று, ஹேண்ட் பிரேக் போட்டால் மட்டுமே திரையில் படம் ஓட வேண்டும் என்பதற்காக அது இருக்கிறது. அதை நேராக உலோகச் சட்டத்தில் இணைத்துவிட்டால், பிரேக் எப்போதும் போட்டிருப்பதாகக் கருவி நம்பிவிடும். ஓடும் காரிலும் படம் தெரியும். "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்று சிலர் சொல்வார்கள். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. திரையை இரண்டு நொடி பார்த்தால், 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். பாலத்தில் மோட்டார் சைக்கிள்களும் உங்களோடு வருகின்றன. கடைக்காரர் கேட்காமலே செய்து தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வரைபடம் யாருடையது?

பாலம் திறந்த அதே 2014 மார்ச்சில்தான் ஆப்பிள் நிறுவனம் 'கார்பிளே' முறையை அறிவித்தது. மறு ஆண்டு 'ஆண்ட்ராய்டு ஆட்டோ' வந்தது. கைத்தொலைபேசியின் வரைபடம் கார்த் திரையில் தெரிகிறது. அது இணையம் வழியாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பத்து காவான் போன்ற இடத்துக்கு இது பெரிய வசதி. செம்பனைக்கு நடுவே நேற்றுவரை இல்லாத சாலை இன்று தொழிற்பேட்டைக்கு இட்டுச் செல்கிறது. தொடர்பு கிடைக்காத இடங்களுக்காக வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். நினைவு அட்டையில் வரைபடம் வரும் கருவி என்றால், அதன் தேதியையும் புதுப்பிக்கும் செலவையும் வாங்கும் முன்பே கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் பட்டறையில் ஐந்து கேள்விகள் கேட்டால் போதும். என் காருக்குரிய வயர்த்தொகுப்பும் இடைப்பெட்டியும் உண்டா? வேக வயரையும் ரிவர்ஸ் வயரையும் இணைப்பீர்களா? இரவில் திரையின் ஒளியைக் குறைக்கும் விளக்கு வயர் இணைக்கப்படுமா? ஹேண்ட் பிரேக் வயர் அதற்குரிய இடத்துக்குப் போகுமா? வேலை முடிந்ததும், காரை நிறுத்திய நிலையில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்து காட்டுவீர்களா? கடைசிக் கேள்விக்குச் சாதாரண மல்டிமீட்டர் போதும். கருவி உறங்கிய பிறகு மொத்தம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பெரும்பாலான கார்களுக்குக் கவலையில்லை.

பழைய ரேடியோவையும் அதன் திருகுகளையும் ஒரு பெட்டியில் போட்டு வாங்கிவர மறக்காதீர்கள்.