மாலை கழற்றிய பிறகு

கார்த்திகை மாதம் எங்கள் திருக்கோகர்ணத்தில் பல வீடுகளில் பெண்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. மாலை போட்டவர் டாஸ்மாக் பக்கம் போகமாட்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய ராத்திரியே சிலர் தள்ளாடிக்கொண்டு வருவார்கள். விரதம் என்றைக்கு முடியும் என்று மனசு எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் கொத்தனார். குடியை விடுவதற்கான சிகிச்சை முடிந்து கிளம்பும்போது ஆலோசகர் அவரிடம், "எந்தக் கிழமை, எந்த இடம், யாரோட குடிப்பீங்க?" என்று கேட்டார். சனிக்கிழமை, சம்பளம் வாங்கியதும், கூட வேலை பார்ப்பவர்களோடு. அங்கேயே என் வீட்டுக்காரரே முடிவு செய்தார்: சம்பளத்தை மேஸ்திரி என் கணக்கில் போடுவது, வேலை விட்டதும் டீயும் வடையும் சாப்பிடுவது, கடை இருக்கும் ரோட்டை விட்டுக் கோயில் பக்கமாகச் சுற்றி வருவது. பசியும் அலுப்பும் கையில் காசும் சேர்ந்த நேரம்தான் அவருக்கு ஆபத்து. நான் போட்ட சட்டமாக இருந்தால் ஒரு வாரம்கூட நின்றிருக்காது.

மறுபடி குடித்தவர்களிடம் காரணம் கேட்டு ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட். மனவேதனை, சண்டை சச்சரவு, கூட்டாளிகளின் வற்புறுத்தல், பெரும்பாலும் இவைதான் என்றார். ஒரு தடவை சறுக்கியதும் 'எல்லாம் போச்சு' என்று நினைப்பதுதான் முழுக் குடியில் கொண்டுபோய்த் தள்ளுகிறது என்றும் சொன்னார்.

அதை நான் கண்ணால் பார்த்தேன். திருவப்பூர் மாரியம்மன் திருவிழாவில் என் தம்பியே, "ஒரு கட்டிங்தானே மச்சான்" என்று ஊற்றிக்கொடுத்துவிட்டான். வந்து திண்ணையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். "சாப்பிடுங்க. காலையில டாக்டர்கிட்டப் போவோம்" என்றேன். போனோம். அது ஒரு நாளோடு நின்றது. திட்டித் தீர்த்திருந்தால் மறுநாளும் கடைக்குத்தான் போயிருப்பார்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வழிகாட்டுதல் வேண்டும். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கினார். 1989 முதல் மஞ்சக்குடி கிராமத்திலும் முகாம் நடத்தினார். குடும்பத்துக்கும் அங்கே ஆலோசனை உண்டு. அந்த ஆலோசனை எல்லா ஊருக்கும் வேண்டும்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கச் சொல்லும் பொடிகளை வாங்காதீர்கள், உயிருக்கே ஆபத்தாகலாம். பல வருஷக் குடியைத் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள். வழி தெரியாவிட்டால் 14446க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் கிடையாது.