'செட்டு': திண்டுக்கல் வட்டாரத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள் விரிவு

நாளும் வழங்கும் எளிய சொற்களே பொருள் வரையறுத்தற்கு அரியன. ஆங்கிலத்தில் 'செட்' என்பது அத்தகையது. 1989-இல் வெளிவந்த ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட விளக்கம் பெற்றது இச்சொல்லின் வினைவடிவமே. பின்னர் நிகழ்ந்த திருத்தத்தில் 'ரன்' முதலிய சில வினைகள் இதனை விஞ்சின. இச்சொல் திண்டுக்கல் நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியிலும் 'செட்டு' என வழங்குமாற்றை ஈண்டுக் காண்போம்.

ஆங்கிலத்திலேயே இஃது ஒரு சொல் அன்று என்பது முதற்கண் அறியத்தக்கது. வினையாகிய 'செட்', 'சிட்' என்னும் வினைக்குப் பிறவினை. 'இரு' என்பதற்கு 'இருத்து' எவ்வாறோ, அவ்வாறே அதற்கு இது. நாம் விகுதி சேர்த்துச் செய்வதைப் பண்டை ஆங்கிலம் உயிரை மாற்றிச் செய்தது. தொகுதி எனப் பொருள்படும் பெயர்ச்சொல்லோ வேறு பிறப்பினது. பின்பற்றுதல் என்னும் கருத்துடைய 'செக்டா' என்ற இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியே தேய்ந்து வந்து அவ்வடிவம் பெற்றது. ஒலி ஒன்றானமையின் இரண்டும் நாளடைவில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

தமிழில் டகர மெய் மொழிக்கு ஈறாகாது. ஆதலின் உகரம் ஏறிற்று. தனிக்குறிலை அடுத்த உகரம் குற்றியலாது; டகரம் இரட்டவே வன்தொடர்க் குற்றியலுகரமாய்ச் சொல் அமைந்தது. இலக்கணம் கற்றார் ஒருவரும் அருகிருந்து திருத்தவில்லை. உழவரும் தொழிலாளரும் தம் நாவின் இயல்பாலேயே விதியைக் காத்தனர்.

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டைப் பகுதிகளில் கமலை இறைத்த கிணறுகளுக்கு மின்சாரம் வந்தபோது 'பம்புசெட்டு' என்னும் தொடர் வேரூன்றியது. மோட்டாரும் நீரேற்றியும் இணைந்த தொகுதியே அதன் முதற்பொருள். 'செட்டு ஓடுது' என்னும்பொழுது பொருள் அதுவே. ஆனால் 'செட்டுல குளிச்சிட்டு வாரேன்' என்பவன் பொறியினுள் குளிப்பதில்லை. நீர் விழும் தொட்டியையும் அது நிற்கும் இடத்தையும் கருதுகின்றான். இதனை ஆகுபெயர் என்று அமைத்துக்கொள்ளலாம்.

எனினும் அமைதி அவ்வளவு எளிதன்று. கொட்டகையைக் குறிக்கும் 'ஷெட்' என்னும் வேறோர் ஆங்கிலச் சொல்லும் சிற்றூர் நாவில் 'செட்டு' என்றே ஒலிக்கின்றது. 'கார் செட்டு' என்பது காண்க. 'செட்டுல சாவி இருக்கு' என்று ஒருவர் கூறுங்கால் அவர் கருதியது பொறியா, அதன்மேல் எழுந்த அறையா எனத் துணிதல் அரிது. சொல்லுவாரை வினவினும், இரண்டும் ஒன்றுதானே என்பது போல் நம்மை நோக்குவர்!

நகரத்தில் பொருள் வேறு வழியில் விரிகின்றது. உணவுக் கடையில் 'ஒரு செட்டுப் பூரி' என்றால் பெரும்பாலும் இரண்டு. திருமண வீட்டில் மைக்செட்டு, பேண்டுசெட்டு, சீரியல் செட்டு ஆகியவற்றைக் கேட்கின்றோம். கொத்தனார் 'சிமெண்டு செட்டாகணும்' என்பார். அங்கு இறுகுதல் என்னும் வினைப்பொருளே நிற்கின்றது. 'எங்களுக்குள்ள செட்டாகலை' என்பது மனம் பொருந்தாமை. 'அவன் எங்க செட்டு' என்பதில் ஒத்த வயதினர் கூட்டம் குறிக்கப்படுகின்றது. இலத்தீன் மூலத்தின் பழம்பொருளுக்கு மிக அணியது இவ்வழக்கே என்பது வியப்பு. மற்றொன்றும் நோக்கத்தக்கது. 'தியானித்தான்', 'உபதேசித்தான்' என வடமொழிச் சொல்லை நேரே வினையாக்கிய தமிழ், 'செட்டித்தான்' என்று ஆக்கவில்லை. 'ஆகு', 'பண்ணு' என்னும் துணைகொண்டே இதனை வினைப்படுத்துகின்றது.

இவற்றோடு நம் பழைய 'செட்டு' ஒன்றுண்டு. வாணிகம், சிக்கனம் என்பன அதன் பொருள். 'சிக்கனமும் செட்டுமா இருந்தா' என்று மூதாட்டியர் கூறும்போது வருவது அது. ஒரே வடிவில் மூன்று சொற்கள் வாழ்கின்றமையின், வட்டார அகராதி தொகுப்போர் இவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகவே காட்டல் வேண்டும்.

ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் அமைத்துவிடலாம் என்பாரும் உளர். கணிதத்தில் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'கணம்' என்றும், இலங்கை நூல்கள் 'தொடை' என்றும் ஆள்கின்றன. தொடுத்தற் பொருளை உட்கொண்ட 'தொடை'யே என் மனத்திற்கு இனியது. ஆயின் பம்புசெட்டைப் 'பம்புத்தொடை' என எவரும் கூறார். இடந்தோறும் இணை, தொகுதி, குழாம், இறுகுதல், பொருந்துதல் என வெவ்வேறு சொற்களே வேண்டும்.

அகராதியினும் ஆவணத்தில் இதன் இடர் மிகுதி. உடன்பிறந்தார் இருவர் பாகப்பிரிவினையில் 'கிணறு பொது, செட்டு மூத்தவருக்கு' என்று மட்டும் எழுதினால், மோட்டார் பழுதாகி அகற்றப்பட்ட பின்னர் அந்த அறையும் அது நிற்கும் நிலமும் எவருடையன என்னும் வழக்கு எழும். ஆவணம் எழுதுவோர் 'மோட்டாரும் பம்பும்', 'மோட்டார் அறையும் அதன் அடிநிலமும்' எனப் பிரித்து எழுதுதல் நன்று.