ஆட்டத்திற்கு ஆள் தேடுதல்

விளையாட்டுகளை, அவற்றை ஆடுவதற்கு வேண்டிய ஆள்களின் தொகையைக் கொண்டு வகைப்படுத்திப் பார்க்கலாம். சதுரங்கப் பலகையை விரித்து, இருபக்கத்துக் காய்களையும் ஒருவரே நகர்த்திப் பொழுதைப் போக்கலாம். முந்நூற்றுநாலு ஆட விரும்புவோர் நான்காவது கைக்கு ஆளில்லையென்றால், படலையடியில் நின்று தெருவால் வருவோர் போவோரைப் பார்த்திருப்பர். அறிந்தவர் ஒருவர் வந்துவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். ஆட்டம் முடிந்ததும் அவர் தம் வழியே போய்விடலாம். ஆனால் ஐந்தாறு பேர் கூடினாலன்றித் தொடங்க முடியாததும், கூடியவர்கள் அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வந்தாலன்றித் தொடர முடியாததுமான விளையாட்டொன்று உண்டு. 1970களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றி உலகின் பல பாகங்களுக்கும் பரவிய பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டே அது. அதனை ஆடக் கற்றுக்கொள்வதிலும், அதற்கு ஆள் சேர்ப்பதே கடினமென்பர். ஆள் சேர்க்கும் அந்த அலுவலைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சில சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் ஆட்டம் எத்தகையது என்பதைச் சுருக்கமாக விளக்குதல் வேண்டும். ஒரு மேசையைச் சுற்றி ஐவர் இருக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். அவர்களுள் ஒருவர் நடுவர். ஏனைய நால்வரும் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்றுக்கொள்வர். ஒருவர் போர்வீரர், மற்றொருவர் மந்திரவாதி, வேறொருவர் பூட்டுத் திறப்பதில் வல்ல திருடர். ஒவ்வொருவரின் வலிமை, அறிவு, கையிலுள்ள பொருள் முதலியன ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். “பாழடைந்த கோட்டையின் வாயிலில் நிற்கின்றீர்கள், உள்ளே ஏதோ உராயும் ஓசை கேட்கின்றது, என் செய்வீர்கள்?” என நடுவர் வினவுவார். கதவை உடைப்பேன் என்பார் ஒருவர். சற்றுப் பொறுத்துக் கேட்போம் என்பார் மற்றொருவர். செய்கை கைகூடுமா என்பது ஐயமாயிருக்குமிடத்துப் பகடை உருட்டித் தீர்மானிப்பர். நாமறிந்த ஆறுமுகப் பகடை மட்டுமன்றி, நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்களுடைய பகடைகளும் இவ்வாட்டத்தில் உண்டு.

இங்கே வென்றவரும் தோற்றவரும் என இரு பிரிவினர் இலர். எல்லோருங் கூடி ஒரு கதையை வளர்க்கின்றனர். நமது நாட்டுக்கூத்திலே அண்ணாவியாரின் கையில் கொப்பி இருக்கும். அடுத்து வரவேண்டிய பாட்டு அவருக்குத் தெரியும். இவ்வாட்டத்திலோ அடுத்த வரி நடுவருக்கே தெரியாது. அது ஆடுபவரின் வாயிலிருந்து வரவேண்டும். ஆகையினாலே, ஒருவர் வாராவிட்டால் ஓரிடம் வெறுமையாவது மட்டுமன்று; கதையிலே ஓர் ஆள் குறைந்துவிடுகின்றார். ஆள் தேடுவது இத்துணைப் பெரிய காரியமாவதற்குக் காரணம் இதுவே.

இவ்விளையாட்டின் வரலாற்றை ஆராய்ந்தால், அது ஆள் தேடியவர்களாலேயே உருவானது என்பது புலனாகும். 1954ஆம் ஆண்டில் சார்ள்ஸ் றொபேட்ஸ் என்பவர் பலகையிலே போர் நடத்தும் விளையாட்டொன்றை வெளியிட்டார். பின்னர் அவர் நடத்திய ஏவலன் ஹில் என்னும் கொம்பனி அத்தகைய பல விளையாட்டுகளை விற்றது. வாங்கியவர்களோ நாடெங்கும் சிதறியிருந்தனர். ஓர் ஊரில் பெட்டியை வைத்திருப்பவர் ஒருவரே இருப்பார். எதிரே இருந்து ஆட ஒருவருமில்லை. 1964ஆம் ஆண்டு அக்கொம்பனி ‘த ஜெனரல்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கியது. எதிராளி தேவை என்னும் சிறு அறிவித்தல்கள் அதில் இடம்பெற்றன. இன்ன ஊரில் இருக்கின்றேன், இன்ன ஆட்டம் ஆடுவேன் என்று வாசகர்கள் எழுதினர். அயலூரில் எவருமில்லாதோர் ஒவ்வொரு நகர்வையும் தபாலில் அனுப்பி ஆடினர்.

ஏழு பேர் வேண்டிய ‘டிப்ளோமசி’ என்னும் ஆட்டத்திற்கும் இதே இடர்ப்பாடு நேர்ந்தது. அலன் கல்ஹாமர் அதனை வெளியிட்டது 1959இல். ஒரு மாலைப்பொழுதிலே ஏழு பேரை ஒருங்கே கூட்டுதல் எளிதன்று. 1963ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் ஜோன் போர்ட்மன் என்பவர், அதனைத் தபால் மூலம் ஆடுவதற்கென ஒரு சிறு பத்திரிகையையே நடத்தத் தொடங்கினார்.

இத்தகைய தபால் நண்பர்களைப் பெருக்கிக்கொண்டவர்களுள் ஒருவர் கேரி கைகக்ஸ். விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த இவர், சிக்காகோவில் காப்புறுதிக் கொம்பனியொன்றில் பணியாற்றியவர். 1967ஆம் ஆண்டு ஏறத்தாழ இருபது பேரைத் தம் வீட்டிற்கு அழைத்து ஆடச் செய்தார். அடுத்த ஆண்டு வீடு போதாதென்று கண்டு, ஊர் மண்டபமொன்றை ஐம்பது டொலருக்கு வாடகைக்கு எடுத்தார். ஆளுக்கு ஒரு டொலர் கட்டணத்தில் ஏறத்தாழ நூறு பேர் வந்தனர். ‘ஜென் கொன்’ எனப்படும் அக்கூட்டம் ஆண்டுதோறும் தொடர்ந்தது. 1969ஆம் ஆண்டுக் கூட்டத்திற்கு மினசோட்டா மாநிலத்திலிருந்து வந்தவர் டேவ் ஆர்னசன். இவ்விருவரின் சந்திப்பே பின்னாளில் புதியதோர் ஆட்டத்திற்கு வித்தாயிற்று.

ஆர்னசனின் ஊர்ப்பக்கத்தில் அதே ஆண்டு ஒரு புதுமை நிகழ்ந்தது. டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துக் கற்பனை ஊரொன்றை மையமாக வைத்துப் போராட்டமொன்றை அமைத்தார். ஆட வந்தவர் பலர். படைத்தலைவர் பதவியோ சில. வந்தோரை வறிதே இருக்கவிடாமல், ஒருவரை நகரத் தலைவராகவும் மற்றொருவரை வங்கியாளராகவும் இன்னுமொருவரைப் பல்கலைக்கழகத் தலைவராகவும் அவர் அமர்த்தினார். ஆட்டம் ஒழுங்கின்றிக் குழம்பியது. தம் முயற்சி தோற்றதென்றே வெஸ்லி எண்ணினார். ஆனால் ஆடியவர்களோ மீண்டும் ஒருமுறை நடத்தும்படி அவரைக் கேட்டனர். வந்தவர் எல்லோருக்கும் ஓரிடம் கொடுக்க வேண்டுமென்ற எண்ணம், பாத்திரமேற்று ஆடுதலுக்கு வழிதிறந்தது.

1971ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஆர்னசன் தமது சிறு செய்தித்தாளிலே, மாயப் பிராணிகளும் வரக்கூடிய இடைக்கால ஆட்டமொன்று தம் வீட்டில் நடைபெறும் என நண்பர்களுக்கு அறிவித்தார். 1972ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் லேக் ஜெனீவாவுக்குச் சென்று, தம் ஆட்டத்தைக் கைகக்சுக்கு ஆடிக்காட்டினார். கைகக்ஸ் உடனே விதிகளை எழுதத் தொடங்கினார். அவற்றைச் சோதித்துப் பார்க்க அவர் முதலில் அழைத்தது எவரை? தம் மகனையும் மகளையும். அதன்பின்னரே அயலிலுள்ள நண்பர்கள் வந்தனர். 1973ஆம் ஆண்டு ஒக்டோபரில் டொன் கே என்னும் நண்பருடன் ரி. எஸ். ஆர். என்னும் கொம்பனியைத் தொடங்கி, 1974இன் தொடக்கத்தில் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார். நிலவறைகளும் பறவைநாகங்களும் என அதற்குப் பொருள் கூறலாம். பெட்டி ஒன்றின் விலை பத்து டொலர். முதலில் அச்சிட்டவை 1,000 பெட்டிகள்.

நான்கு பேர் முதல் ஐம்பது பேர்வரை ஒரு தொடராட்டத்தில் பங்குகொள்ளலாம் என்றும், இருபது பேருக்கு ஒரு நடுவர் என்ற அளவு தக்கதென்றும் முதற் பதிப்பின் விதிநூல் கூறிற்று. இஃது இன்று வியப்பூட்டலாம். அந்நாளில் பெருங்கூட்டமொன்று இருந்தது. இன்று வருபவர் சிலர், நாளை வருபவர் வேறு சிலர். காலஞ் செல்லச் செல்ல நான்கைந்து பேர் நிலையாகக் கூடுவதே வழக்கமாயிற்று. கூட்டம் சிறிதாகும்போது ஒவ்வொருவருடைய வரவும் மேலும் பெறுமதி உடையதாகின்றது.

அந்த விதிநூல் எளிதில் விளங்கக் கூடியதன்று. ஆகவே பலரும் நூலைப் படித்துக் கற்றதை விட, முன்னரே ஆடியவரின் அருகிலிருந்து கற்றதே அதிகம். லொஸ் ஏஞ்சலிசில் லீ கோல்ட் என்னும் பெண்மணி 1975ஆம் ஆண்டில் தொடங்கிய இதழ், பல ஊர்களிலும் ஆடியோர் எழுதியனுப்பியவற்றை ஒன்றாகத் தொகுத்து அவர்களுக்கே திருப்பி அனுப்பியது. ஆடவர் கூட்டமாகவே பெரும்பாலும் இருந்த அவ்வுலகில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நிலைத்த ஒரு பாலத்தை அமைத்தவர் அவர். 1980களில் சில பெற்றோரும் மதக் குழுவினரும் இவ்வாட்டம் பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்குமென அஞ்சினர். அவ்வச்சத்திற்குத் தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. எனினும், பிள்ளைகள் மூடிய கதவுக்குள் என்ன செய்கின்றனர் என்று அறிய விரும்பும் பெற்றோரைக் குறைகூற இயலாது. கதவைத் திறந்து வைத்து, பெற்றோரையும் ஒரு மாலை அருகில் இருக்கச் செய்வதே அதற்கு மருந்து.

இனி, இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க நடைமுறைப் பாடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, தேடலை அண்மையிலிருந்து தொடங்க வேண்டும். ஆட்டத்தை அறிந்த அந்நியரைத் தூரத்தில் தேடுவோர் பலர். ஆட்டத்தை அறியாத சகோதரியையும் உடன் பணியாற்றுபவரையும் மறந்துவிடுகின்றனர். விதிகளை இரண்டு மாலைகளில் கற்பிக்கலாம். நல்லிணக்கத்தை அவ்வாறு கற்பிக்க இயலாது.

இரண்டாவது, அழைப்புத் தெளிவாயிருத்தல் வேண்டும். நூலகத்தின் அறிவித்தற் பலகையிலோ விளையாட்டுப் பொருள் விற்கும் கடையிலோ “எவரும் வரலாம்” என்று மட்டும் எழுதினால், எவரும் வருவதில்லை. எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், எத்தனை வாரம் நடக்கும், கதை வீரச்செயல் மிகுந்ததா உரையாடல் மிகுந்ததா, புதியவர் வரலாமா, வயதெல்லை உண்டா என்பனவற்றைக் கூறவேண்டும். தம்மால் வர இயலுமா என்பதை வாசிப்பவர் தாமே தீர்மானித்துக்கொள்வார்.

மூன்றாவது, அறியாதவரை முதன்முதலிற் சந்திப்பது பொதுவிடமாக இருக்கட்டும். முதல் ஆட்டம் ஒரே மாலையில் முடியும் சிறு கதையாக இருக்கட்டும். ஒரு மாலைக்கு வருமாறு கேட்டால் ஒருவர் இசைவார்; ஓராண்டுக்குக் கேட்டால் தயங்குவார். பொருந்தாவிடின் இரு தரப்பாரும் மனக்கசப்பின்றிப் பிரியலாம். ஆளில்லை என்ற ஏக்கத்தால், பிறரை இகழ்ந்து பேசுபவரையும் மேசையில் இருத்திக்கொண்டால், நல்லவர்கள் ஒவ்வொருவராக விலகுவர். எவை பேசத்தக்கன, எவை தகாதன என்பதை முதல் நாளிலேயே உசாவிக்கொள்ளுதல் நலம்.

நான்காவது, நாளை மாற்றாதிருத்தல். எல்லோருக்கும் வசதியான நாளைத் தேடுபவர் ஒரு நாளையும் காணார். சனிக்கிழமை மாலை என்றால் சனிக்கிழமை மாலையே. ஐவரில் ஒருவர் வாராவிடினும் ஆட்டம் நடக்கும் என்பது உறுதியானால், வராதவர் அடுத்த வாரம் தாமாக வருவார்.

ஐந்தாவது, ஆடுவோரைத் தேடிக் களைத்தவர் தாமே நடுவராக முன்வருதல். ஆட விரும்புவோர் எங்கும் பலர். கதையை ஆயத்தம் செய்து, மேசையைத் துடைத்து வைத்துப் பிறருக்காகக் காத்திருக்க விரும்புவோர் சிலர். அந்தச் சிலருள் ஒருவராகிவிட்டால் தேடல் பாதி முடிந்ததாகும்.

பல ஆண்டுகள் பாடசாலைகளில் கடமையாற்றுபவன் என்ற முறையில் இங்கு ஒன்று கூறலாம். தவணை நடுவிலே புதிதாகச் சேர்ந்த மாணவன் இடைவேளையில் மைதானத்தின் ஓரத்தில் நிற்பான். ஆடத் தெரியாமல் நிற்பவனல்லன். “நீயும் வா” என்று எவரும் கூறாமையால் நிற்பவன். வளர்ந்தவர்களின் நிலையும் இதனின் வேறன்று. படிப்பு முடிந்து, தொழிலின் நிமித்தம் புதிய நகரொன்றில் குடியேறியவர், அலுவலகத்தில் பலரோடு பேசியும், மாலையில் ஓர் அறையில் தனித்திருக்கின்றார். ஒவ்வொரு வாரமும் தம்மை எதிர்பார்க்கும் நாலு பேர் எங்கோ இருக்கின்றனர் என்ற உணர்வு அத்தகையவருக்குப் பெரிய ஆறுதல்.

2020ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது, கூடியிருக்க முடியாத பல குழுவினர் கணினித் திரைகளின் முன்னிருந்து ஆடினர். கடல்கடந்த நண்பரையும் சேர்த்துக்கொள்ளத் திரை உதவுகின்றது. அங்கும் குறித்த நேரத்தில் வருதலும், ஒருவர் பேச மற்றவர் கேட்டிருத்தலும் வேண்டியனவே.

கைகக்ஸ் 2008ஆம் ஆண்டிலும் ஆர்னசன் 2009ஆம் ஆண்டிலும் காலமாயினர். ஐம்பது டொலர் மண்டபத்தில் தொடங்கிய கூட்டம் இந்தியானாப்பொலிஸ் நகருக்கு இடம்மாறி, 2023ஆம் ஆண்டில் 70,000 பேருக்கு மேற்பட்டோரைக் கூட்டியது. அவ்வளவு பெருங்கூட்டத்திலும் ஆட்டம் நடப்பது ஐந்தாறு பேர் இருக்கும் சிறு மேசைகளிலேயே. அங்கே அமரத் தயங்கி நிற்கும் ஒருவருக்குக் கதிரையொன்றை இழுத்துப்போட்டு, பகடையை அவர் கையிற் கொடுத்து, நீங்கள் யாராக இருக்க விரும்புகின்றீர்கள் என்று கேட்பவர் ஒருவர் எப்பொழுதும் தேவைப்படுகின்றார்.